எடை குறைத்த தம்பிக்கு ஏன் இவ்வளவு குளிர்? உணவு குறையும்போது உடலும் மூளையும் செய்யும் வேலைகள்

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துபவள். என் தம்பி கடந்த ஓராண்டில் உடல் எடையை நன்றாகக் குறைத்துவிட்டான். ரத்தச் சர்க்கரை இறங்கியது, மூட்டுவலி விட்டது. அதிலெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறான். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. சாப்பிட்டு எழுந்த கையோடு அடுத்த வேளைக்கு என்ன சமையல் என்று கேட்கிறான். சமையலறைப் பக்கமே வராதவன், இரவெல்லாம் கைப்பேசியில் பிரியாணி செய்முறை பார்த்துக்கொண்டிருக்கிறான். எடை இறங்குவதும் நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, தைராய்டு ஹார்மோனான டி3 மட்டும் குறைவு.

அவன் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில், "மெட்டபாலிசம் பழுதாகிவிட்டது, இந்தப் பொடியை வாங்கிக் குடி" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர், பசி, தைராய்டு, சோர்வு எல்லாம் ஒரே காலத்தில் ஒரே திசையில் நகர்கின்றன. பழுதானால் இத்தனை ஒழுங்காகவா பழுதாகும்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதம் எழுதியது:

டீச்சர், உங்கள் ஐயம் சரியானது. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். இந்தப் பாடத்தை மின்னசோட்டா சோதனையிலிருந்துதான் தொடங்குவேன்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் இதைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினியில் கிடப்பவர்களை எப்படி உணவூட்டி மீட்பது என்று கண்டறிவதுதான் நோக்கம். முதல் 12 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரங்கள் ஏறத்தாழ 1,570 கலோரி: உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப், முழுக்கோதுமை ரொட்டி, மக்ரோனி. அத்துடன் வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும்.

உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. சராசரி நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55இலிருந்து 35ஆக இறங்கியது. ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஜூலைக் கோடையில் போர்வை கேட்டார்கள். உணவில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, மெதுவாகச் சாப்பிட்டு, கடைசியில் தட்டை நக்கினார்கள். சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். உங்கள் தம்பி பிரியாணி வீடியோ பார்ப்பதும் இதே வகைதான். உணவின் மீது இப்படி மனம் குவிவதை ஒழுக்கக்குறைவு என்று யாரும் அவரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. தங்கள் புத்தி மந்தமாகிவிட்டது என்று அந்த இளைஞர்கள் சொன்னார்கள். ஆனால் அறிவுத்திறன் தேர்வுகளில் மதிப்பெண் குறையவில்லை. செவித்திறனோ கூடியிருந்தது.

இதே மாற்றங்களை வேறோரிடத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். 1942இல் போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதியில், இஸ்ரேல் மிலெகோவ்ஸ்கி என்ற மருத்துவரின் தலைமையில் யூத மருத்துவர்கள், தாங்களும் பட்டினி கிடந்துகொண்டே, பட்டினியால் சாகிறவர்களின் நாடி, ரத்த அழுத்தம், உடல்வெப்பம் எல்லாவற்றையும் அளந்து எழுதினார்கள். ஜூலையில் மக்களை மரண முகாமுக்கு ஏற்றத் தொடங்கியபோது ஆய்வு நின்றது. கையெழுத்துப் பிரதி ரகசியமாக வெளியே போய் 1946இல் அச்சானது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிருடன் இல்லை. பட்டினியின் உடலியங்கியலைப் படிக்கிறவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

டாக்டர் ஐயா, ஒரு மறுப்பு. அந்த 36 பேரின் புகைப்படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலா எலும்பை எண்ணலாம். உடல் செலவைக் குறைத்துக்கொண்டதால்தான் எடை இறங்கவில்லை என்பவர்களுக்கு அந்தப் படங்களே பதில். உள்ளே போவதைவிட வெளியே போவது கூடுதலாக இருந்தால் எடை இறங்கித்தான் தீரும். அந்த 40 சதவீதத்திலும் பெரும்பகுதி உடல் சுருங்கியதால் வந்தது இல்லையா? சிறிய உடலுக்குச் சிறிய செலவு. இதில் ஒழுங்குமுறை எங்கே வருகிறது?

மருதம் எழுதியது:

முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். ஆற்றல் கணக்கிலிருந்து எந்த உடலும் தப்பாது. அந்த 40 சதவீதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உடல் சுருங்கியதன் விளைவு என்பதும் உண்மை. மீதி ஒரு பங்கைப் பற்றித்தான் பேச வேண்டும். எஞ்சியிருந்த ஒவ்வொரு கிலோ திசுவும் முன்பைவிடக் குறைவாக எரித்தது. உடல் சுருங்கியதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

1995இல் ரூடால்ஃப் லைபெலும் மைக்கேல் ரோசன்பாமும் நியூயார்க்கில் ஆட்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்துத் திரவ உணவு கொடுத்து அளந்தார்கள். எடையில் 10 சதவீதம் குறைத்து, அதே எடையில் நிறுத்தியவர்களின் அன்றாடச் செலவு, அந்த உடலளவுக்குக் கணக்கிட்டதைவிடச் சுமார் 300 கலோரி குறைவாக இருந்தது. அந்தச் சேமிப்பில் பெரும்பங்கு தசையிலிருந்து வருகிறது. அதே வேலையைத் தசை குறைந்த எரிபொருளில் செய்யப் பழகிவிடுகிறது. மாடிப்படி அதேதான், ஏறுகிற காலுக்கு ஆகும் செலவு குறைகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது அவர்கள் 2005இல் வெளியிட்டது. எடை குறைத்தவர்களுக்கு, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டு, ரத்தத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். டி3 ஏறியது, உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் செயல்பாடு ஏறியது, தசையின் சிக்கனம் தளர்ந்தது. உடல் இளைத்த நிலையிலேயே இருந்தது. மூளைக்குப் போகும் செய்தி மட்டும் மாறியது. பழுதான பாகம் ஒரு செய்தியைக் கேட்டுத் திரும்ப ஓடுமா? டீச்சர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

உணவாலோசகி எழுதியது:

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியாளர்கள் 14 பேரைக் கெவின் ஹால் குழு ஆறு ஆண்டுகள் கழித்து அளந்து 2016இல் வெளியிட்டது. இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்ற பிறகும் அவர்களது ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. செய்தித்தாள்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒருமுறை எடையைக் குறைத்தால் வாழ்நாள் முழுக்கத் தண்டனை என்கிற அச்சம் அங்கிருந்து பரவியதுதான்.

ஆனால் காட்டியா மார்ட்டின்ஸ் குழு 2020இல் காட்டியது வேறு. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது அளக்காமல், சில வாரங்கள் எடையை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து அளந்தால், ஓய்வுநிலைச் செலவில் தெரியும் கூடுதல் சரிவு நாளுக்குச் சில பத்து கலோரிகளாகச் சுருங்கிவிடுகிறது. உணவுப் பற்றாக்குறை நடந்துகொண்டிருக்கும்போதுதான் உடல் கடுமையாகச் சிக்கனம் பிடிக்கிறது. போட்டியாளர்கள் நாள் முழுக்கப் பயிற்சி செய்து அசுர வேகத்தில் இளைத்தவர்கள். அவர்களை எல்லோருக்கும் அளவுகோலாக்கக் கூடாது.

என்னிடம் வருபவர்களில் "ஒன்றுமே சாப்பிடுவதில்லை, எடை நிற்கிறது" என்று சொல்பவர்கள் நிறைய. 1992இல் நியூயார்க்கில் அப்படிச் சொன்னவர்களை அளந்தபோது, உண்மையில் உண்டதில் ஏறத்தாழப் பாதியைக் கணக்கில் விட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாளிக்கும் எண்ணெய், குழந்தை மீதம் வைத்த தோசை, கரண்டியில் எடுத்து ருசி பார்த்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. பசி கூடிய மூளைக்கு அது இன்னும் நிற்காது. தம்பியின் எடை நின்றதற்குச் செலவுக் குறைவு ஒரு காரணம் என்றால், வரவு மெல்ல ஏறியது இன்னொரு காரணமாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். தகவமைப்பு உண்டு, ஆனால் எடை நிற்பதற்கு அதுவே முழுக் காரணம் ஆகாது. லெப்டின் ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னதை மேலும் படிக்கப் போகிறேன்.

சிறுமலை எழுதியது:

நான் பெண் பிள்ளைகளுக்கு நீண்ட தூர ஓட்டம் கற்றுக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியை. எனக்கு எடை குறைப்பு பிரச்சினை இல்லை. விடுதியில் காலை இட்லியை விட்டுவிட்டு மைதானத்துக்கு வரும் பெண்கள்தான் என் கவலை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். சில மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. "தொல்லை விட்டது மிஸ்" என்று சிரிக்கிறார்கள். அதற்கடுத்த பருவத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, ஸ்கேன் எடுத்தால் கீறல் முறிவு. சிலர் பார்ப்பதற்கு மெலிந்தவர்கள்கூட இல்லை. எடை சரியாக இருக்கும்போதே இது ஏன் நடக்கிறது?

நரம்பிழை எழுதியது:

அக்கா, நான் நரம்பியல் ஆய்வு மாணவி. கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூளை, கொழுப்பின் இருப்பை மட்டும் பார்ப்பதில்லை; அன்றன்றைய வரவையும் பார்க்கிறது. அன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் 2003இல் நல்ல உடல்நிலையில் இருந்த இளம்பெண்களை வைத்து அளந்தார். பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 30 கலோரிக்குக் கீழே மீந்தால், ஐந்தே நாள்களில், கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் இடைவெளி விட்டு வரத் தொடங்கின. ஐந்து நாளில் எடை பெரிதாக மாறியிருக்காது. ஆனால் பசியையும் ஹார்மோன்களையும் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் முடிவெடுத்துவிடுகிறது. வருமானம் குறைந்த வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதுபோல, இனப்பெருக்கத்தைத்தான் அது முதலில் தள்ளிப்போடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு அரிகிறது. கீறல் முறிவு வருவது அதனால்தான்.

கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது. அப்போது எல்லோரும் அதை உடல் பருமனுக்கு மருந்தாகப் பார்த்தார்கள். ஆனால் அதன் முக்கிய வேலை, பஞ்சம் வந்துவிட்டது என்று சொல்வது. சாப்பிடாமல் இருந்தால் ஓரிரு நாளில் லெப்டின் சரிந்துவிடும், கொழுப்பு அந்த அளவுக்குக் கரையாதபோதும். 1996இல் பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டினைத் திருப்பிக் கொடுத்தபோது தைராய்டு, இனப்பெருக்கம் ஆகியவற்றில் பட்டினியின் விளைவு பெருமளவு நீங்கியது. 2004இல் மாதவிடாய் நின்றுபோன மெலிந்த பெண்களுக்கு லெப்டின் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கருமுட்டை வெளியேற்றம் திரும்பியது. ஆனால் உங்கள் பெண்களுக்கு ஊசி வேண்டாம் அக்கா. அந்தக் காலை இட்லியைத் திருப்பிக் கொடுத்தால் போதும், பயிற்சி முடிந்ததும் இன்னொரு வேளை. மாதவிடாய் நின்றதை விளையாட்டு மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

இப்போது புத்தி மந்தம் பற்றி மருதம் ஐயா சொன்ன இடத்துக்கு வருகிறேன். மூளையே சிக்கனம் பிடிக்குமா? நெடுங்காலம் பிடிக்காது என்றுதான் நினைத்தார்கள். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான்; செலவிடும் ஆற்றலோ 20 சதவீதம். உடல் எதைக் குறைத்தாலும் மூளையின் பங்கைத் தொடாது என்று பாடநூல்களில் இருந்தது. 2022இல் எடின்பரோவில் நதாலி ரோஷ்ஃபோரின் ஆய்வகத்தில் சாஹித் பதம்சியும் மற்றவர்களும் எலிகளின் உணவைச் சில வாரங்கள் குறைத்து, எடையை 85 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியை அளந்தார்கள். நரம்பிணைப்புகளில் செலவாகும் ஏ.டி.பி., அதாவது செல்களின் எரிபொருள், 29 சதவீதம் குறைந்தது. நரம்பணுக்கள் எழுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கையோ பெரிதாக மாறவில்லை. வேலை நடக்கிறது, செலவும் குறைகிறது. பிறகு எதை விட்டுக்கொடுத்தது? துல்லியத்தை. ஒரு கோடு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று அந்த அணுக்கள் முன்புபோலக் கூர்மையாகப் பிரிக்கவில்லை. எளிய வேறுபாட்டை எலிகள் கண்டுகொண்டன. நுண்ணிய வேறுபாட்டில் தடுமாறின. லெப்டின் கொடுத்ததும் கூர்மை திரும்பியது.

மின்னசோட்டா இளைஞர்களுக்குப் புத்தி மந்தமாகத் தோன்றியும் தேர்வில் மதிப்பெண் குறையாததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். எலியின் பார்வைப் புறணி வேறு, மனிதனின் சிந்தனை வேறு. ஆனாலும் அந்தப் பழைய பதிவை இந்த ஆய்வோடு சேர்த்து வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பாரிஸில் ப்ளாசேயும் ப்ரெயாவும் 2013இல் பழ ஈக்களில் கண்டது இன்னும் கடுமையானது. பட்டினியில் ஈயின் மூளை நீண்டகால நினைவை உருவாக்குவதையே நிறுத்திவிடுகிறது, ஏனென்றால் அதற்குப் புதிய புரதம் தயாரிக்க வேண்டும். நிறுத்தப்பட்ட வழியை ஆய்வாளர்கள் வலுக்கட்டாயமாக இயக்கினார்கள். ஈ நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் சீக்கிரம் செத்தது.

நொய்யல்கரை எழுதியது:

அந்த ஈயை என் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். சிறுமலை, உங்கள் பிள்ளைகளின் பெற்றோரிடமும் இதைப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. "தொல்லை விட்டது" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

வேலன்_துணை எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவன். முதலிரண்டு நாள் தலைவலி, எரிச்சல். அதற்குப் பிறகு பசி அடங்கி மனம் தெளிந்துவிடுகிறது. முருகன் அருள் என்றே நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. உடலுக்குள் என்ன நடக்கிறது என்றும் அறிய ஆசை. சூரசம்ஹாரம் முடிந்து சாப்பிடும்வரை நான் தண்ணீரும் ஒருவேளைப் பாலும் மட்டும் எடுப்பேன். என் மனைவி பாலும் பழமும் எடுப்பார். அவருக்கு இந்தத் தெளிவு வருவதில்லை என்கிறார்.

மருதம் எழுதியது:

உங்கள் வீட்டிலேயே ஒப்பீட்டுச் சோதனை நடக்கிறது ஐயா.

கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கு மட்டும் நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். அதை உடல் எங்கிருந்து கொடுக்கும்? தசைப் புரதத்தை உடைத்துக் கல்லீரலில் குளுக்கோஸாக மாற்றுகிறது. தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 75 கிராம் புரதம் இப்படிப் போகிறது. இந்த வேகத்தில் போனால் சில வாரங்களிலேயே மூச்சுவிடும் தசைக்கு ஆபத்து வந்துவிடும்.

ஹார்வர்டில் ஜார்ஜ் கேஹில் 1960களில் இதைத் தீர்த்துவைத்தார். ஐந்து, ஆறு வாரம் உண்ணாதிருந்த உடல் பருமனானவர்களின் மூளையிலிருந்து வரும் ரத்தத்தை அளந்தபோது, மூளை எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கீட்டோன்களாக இருந்தது. கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோனை மூளை ஏற்றுக்கொள்வதால் புரத இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மனிதன் பல வாரங்கள் உண்ணாமல் உயிர் தரிப்பதன் அடிப்படை இதுவே. 1972இல் ஒரு குழு, நீண்ட நாள் உண்ணாதிருந்தவர்களுக்கு இன்சுலின் போட்டு ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே இறக்கியது. நம்மில் யாராயினும் மயங்கி விழுவோம். அவர்களுக்கு அறிகுறியே இல்லை. கீட்டோன் மூளையைத் தாங்கியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அந்தச் சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

மூன்றாம் நாளில் உங்களுக்குப் பசி அடங்குவது கீட்டோன் ஏறும் காலத்தோடு பொருந்துகிறது. வாழைப்பழமும் பாலும் எடுக்கும் உங்கள் மனைவிக்கு இன்சுலின் இடையிடையே எழும்பும். கீட்டோன் அவ்வளவு ஏறாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உங்களைப் பின்பற்றக் கூடாது.

பனிக்காடு எழுதியது:

விலங்குகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. அலாஸ்காவில் கருங்கரடிகளை மரப்பெட்டிக் குகைகளில் வைத்து அளந்து 2011இல் வெளியிட்டார்கள். குளிர்கால உறக்கத்தில் அவற்றின் ஆற்றல் செலவு வழக்கத்தில் கால்பங்குக்கு இறங்குகிறது. உடல்வெப்பமோ சராசரி 33 டிகிரியில் நிற்கிறது. உடல் குளிர்வதால் செலவு குறைகிறது என்று வைத்துக்கொண்டால் இந்த அளவுச் சரிவுக்கு 33 டிகிரி போதாது. செலவைத் தனியாக ஏதோ ஒன்று அழுத்திப் பிடிக்கிறது. வசந்தத்தில் வெளியே வந்த பிறகும், வெப்பம் 37ஐத் தொட்ட பிறகும், மேலும் இரண்டு மூன்று வாரங்களுக்குச் செலவு பாதி அளவிலேயே இருக்கிறது.

சுண்டெலியும் உணவில்லாவிட்டால் சில மணி நேரம் இப்படிச் செலவைக் குறைத்து உறக்கம் போன்ற நிலைக்குப் போகும். அதற்கான நரம்பணுக்கள் ஹைப்போதலாமஸில் இருப்பதை 2020இல் ஜப்பானின் சுகுபாவிலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் போர்வை கேட்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பேரரசப் பெங்குவின். ஆண் பறவை ஏறத்தாழ 115 நாள் உண்ணாமல் முட்டையைக் காக்கிறது. கொழுப்பு ஒரு எல்லைக்குக் கீழே போய், தசைப் புரதம் வேகமாகக் கரையத் தொடங்கினால், பறவையின் நடத்தையே மாறுகிறது. முட்டையைக் கைவிட்டுக் கடலை நோக்கி நடக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று அதற்கு உள்ளிருந்து தெரிகிறது.

இரவுப்பணிச்செவிலி எழுதியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விரதம், பட்டினி என்று பேச்சு போவதால் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. உணவு குறையும் காலத்தைவிட, உணவு திரும்பி வரும் முதல் சில நாள்கள் ஆபத்தானவை.

பல நாள் சாப்பிடாமல் வந்த முதியவருக்கு வீட்டார் அன்போடு இனிப்புக் கஞ்சி, பழச்சாறு, இளநீர் என்று ஊட்டுவார்கள். மறுநாள் ரத்த அறிக்கையில் பாஸ்பேட் சடசடவென்று இறங்கியிருக்கும். மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் எழும்புகிறது. அது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கிறது. உடலில் இருப்பே குறைந்திருக்கும்போது ரத்தத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மானிட்டரில் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போவதையும், நன்றாக மூச்சுவிட்டவர் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குப் பத்து கலோரி என்று, மிகவும் நலிந்தவர்களுக்கு ஐந்து என்று, தொடங்கி மெல்ல ஏற்றுகிறோம். வெளியில் நிற்கும் மகன், "இவ்வளவுதானா கொடுப்பீர்கள்?" என்று கோபப்படுவார். அவர் கோபம் நியாயமானது. விளக்கிச் சொல்ல நமக்குத்தான் நேரம் வேண்டும்.

1945 ஏப்ரல் 15இல் ஜெர்மனியில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை மீட்ட பிரிட்டிஷ் படை, அங்கே உயிரோடு இருந்த ஏறத்தாழ 60,000 பேரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடுத்த வாரங்களில் இழந்தது. டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பெருங்காரணம். படைவீரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த கொழுப்பு மிகுந்த டப்பா உணவும் பலரைக் கொன்றது. பிறகு 1943 வங்கப் பஞ்சத்துக்காகத் தயாரித்த பால்பொடி, மாவு, சர்க்கரைக் கலவையைக் கொண்டுவந்தார்கள். வங்கத்தில் பசியால் செத்தவர்களிடமிருந்து கற்ற பாடம் ஜெர்மனிக்குப் போனது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

தம்பியிடம் இந்த இழையை முழுவதும் படிக்கக் கொடுத்தேன். பொடி வேண்டாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அவன் கேட்கச் சொன்னவை இரண்டு. டி3 குறைவுக்குத் தைராய்டு மாத்திரை எடுக்கலாமா? இந்தப் பசி எப்போது அடங்கும்?

உணவாலோசகி எழுதியது:

முதல் கேள்வி: டி.எஸ்.எச். சரியாக இருந்து, உணவுக் குறைவால் டி3 மட்டும் இறங்கியிருந்தால் அது தைராய்டு நோயில்லை. உணவில்லாத உடலுக்கு டி3 கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தசைப் புரதம் கூடுதலாகக் கரைந்தது. எதைக் காக்க உடல் டி3ஐக் குறைத்ததோ, மாத்திரை அதையே கரைத்துவிடும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டட்டும். அதற்கிடையில் இன்னும் இறக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டு, இப்போதைய எடையிலேயே சில மாதம் நிற்கட்டும். ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, முட்டை, மீன், தயிர் என ஏதாவது ஒரு புரதம். அரிசியை அறவே நீக்கியிருந்தால் கொஞ்சம் திரும்பச் சேர்க்கட்டும். பிறகு டி3ஐ மறுபடி பார்க்கலாம்.

மருதம் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு மின்னசோட்டா ஏடுகளிலேயே விடை இருக்கிறது. மீட்புக் காலத்தில் வைட்டமினும் கூடுதல் புரதமும் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. போதிய கலோரி கிடைத்தபோதுதான் தேறினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். சுவிட்சர்லாந்தில் அப்துல் துல்லு 1997இல் அந்தப் பழைய எண்களை மறுபடி எடுத்துக் கணக்கிட்டார். கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் மிகை உணவு நிற்கவில்லை. இழந்த தசையும் உறுப்புத் திசுவும் திரும்பும்வரை தொடர்ந்தது. தசை மெதுவாகவே வளரும். அது வந்து சேரும்வரை மூளை சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருந்ததால், கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போனது.

கொழுப்புக்கு லெப்டின் என்று ஒரு தூதர் இருப்பதுபோல் தசை இழப்பை மூளைக்குச் சொல்வது எது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஆனால் தம்பிக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஓட்டத்தையும் சைக்கிளையும் வேண்டுமானால் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும். வாரத்தில் சில நாள் பளு தூக்கும் பயிற்சியை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அது ஒன்றுதான்.